நின்று கெடும் பிறேக்

மட்டக்களப்பில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. புளியந்தீவில் இருந்து தெற்கே ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, கல்முனை என்று போனாலும் சரி, வடக்கே செங்கலடி, வாழைச்சேனை என்று போனாலும் சரி, தெரு தட்டைதான். கல்லடிப் பாலத்தின் முதுகைத் தவிர கார் ஏறி இறங்குவதற்கு வழியில் பெரிதாக ஒன்றும் கிடையாது. அதனால் இங்கே ஓடும் காருக்குப் பிறேக் வேலை குறைவு. மாட்டுக்கும் முச்சக்கரவண்டிக்கும் மிதிப்பதோடு சரி. லைனிங் வருடக்கணக்கில் தேயாமல் கிடக்கும். “பிறேக் நல்லாத்தான் இருக்கு” என்று சொந்தக்காரர் சொல்வார். அவர் சொல்வது பொய்யில்லை. அந்தப் பிறேக்கைக் கஷ்டப்படுத்திப் பார்க்கும் சந்தர்ப்பம் அவருக்கு வந்ததேயில்லை.

ஆனால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் உவர்வாவி. கல்லடியில் இருந்து கல்லாறு வரை வீடும் தெருவும் இவை இரண்டுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல் நிலத்தில்தான் இருக்கின்றன. உப்புக் காற்று இரும்புக் குழாயை வெளியில் இருந்து தின்கிறது. ஈரம் பிறேக் ஒயிலுக்குள் இறங்கிக் குழாயை உள்ளிருந்து தின்கிறது. வாரக்கணக்கில் அசையாத பிஸ்ரன் சிலிண்டருக்குள்ளேயே இறுகிப்போகிறது. நம் பக்கத்துப் பிறேக் ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதே அதிகம். ஆகவே மைல் கணக்கு இங்கே உதவாது, மாதக் கணக்கைத்தான் நம்ப வேண்டும். வாரத்தில் ஒருநாள் கோயிலுக்கும் சந்தைக்கும் போய்வரும் காரை 5000 கிலோமீற்றருக்கு ஒருமுறை பார்ப்போம் என்று விட்டால், அந்த 5000 வந்து சேர மூன்று வருடம் பிடிக்கும்.

இந்த அத்தியாயத்தில் பேசும் கார்கள் இரண்டு வகை. 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டுக் காப்பாற்றிய மொறிஸ் மைனர், ஒஸ்டின் போன்ற பிரிட்டிஷ் கார்கள் ஒருபுறம். 1977இல் இறக்குமதி திறந்துவிட்ட பிறகு வந்த பெட்டி லான்சர், நிசான் சனி, கொரொல்லா மறுபுறம். 2020 மார்ச்சில் நிறுத்திய தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் வளவுக்குள் தகரத்தின் கீழ் கிடந்த காரையெல்லாம் கழுவித் தெருவுக்கு இறக்க ஆசைப்பட்டவர்கள் பலர். அப்படி இறக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனை கேட்கிறார்கள். புகை சரியென்றால் சொந்தப் பாவனைக் காருக்கு வேலை முடிந்தது. அது நிற்குமா என்று உங்களைக் கேட்க ஒருவரும் வரப்போவதில்லை.

காலுக்குத் தெரிவது

கராஜுக்குப் போகுமுன் காரை நிறுத்திவைத்துப் பெடலை மிதித்துப் பாருங்கள். பாதி நோயை அங்கேயே கண்டுபிடிக்கலாம்.

மிதித்தால் பஞ்சுபோல அமுங்குகிறதென்றால் குழாய்க்குள் காற்று இருக்கிறது, அல்லது றப்பர் ஹோஸ் இளகி ஊதுகிறது. முதல் மிதியில் கீழே போய், இரண்டு மூன்று தரம் அடித்தால் மேலே வந்து இறுகினால் காற்றைச் சந்தேகிக்குமுன் சூக்களைப் பாருங்கள். லைனிங்குக்கும் டிறம்முக்கும் இடைவெளி கூடிவிட்டது, இறுக்கிக் கொடுத்தால் போதும். காலை வைத்து அப்படியே அழுத்திக்கொண்டிருக்கும்போது பெடல் மெல்ல மெல்ல இறங்கினால் விஷயம் வேறு. வெளியே எங்கும் ஒழுக்கு இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டரின் உள்றப்பர் போய்விட்டது. இது ஆபத்தான குற்றம், ஆனால் அவசரமாக அடித்து மிதிக்கும்போது தெரியாது. சந்தியில் காலை வைத்துக்கொண்டு காத்திருக்கும்போதுதான் தெரியும். கல்லுப்போல் இறுகியிருந்தும் கார் நிற்காவிட்டால் லைனிங் கண்ணாடிபோல் மினுங்கிப்போயிருக்கும், அல்லது ஒயில் குடித்திருக்கும். ஜப்பான் காரானால் பூஸ்டரையும் பாருங்கள். எஞ்சினை நிறுத்திப் பெடலை நாலைந்து தரம் அடித்து, பிறகு காலை அழுத்தியபடியே ஸ்ராட் பண்ணுங்கள். பெடல் ஒரு விரலளவு தானாகக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது எஞ்சினில் இருந்து பூஸ்டருக்கு வரும் தடித்த றப்பர்க் குழாயையும் அதிலுள்ள ஒருவழி வால்வையும். பூஸ்டரையே கழற்றி மாற்றச் சொல்பவர்கள் இந்தக் குழாயைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஒரு பக்கம் இழுக்கும் காரில், இழுக்கும் பக்கத்துச் சில்லைத்தான் எல்லோரும் கழற்றுவார்கள். இடப்பக்கம் இழுக்கிறதென்றால் இடப்பக்கச் சில்லு தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். வலப்பக்கத்தைத் திறந்து பாருங்கள். சிலிண்டர் இறுகியிருக்கும், அல்லது லைனிங் நனைந்திருக்கும்.

பிறேக் விட்ட பிறகும் பிடித்துக்கொண்டே இருக்கும் கார்தான் மெக்கானிக்குகளை அதிகம் அலைக்கழிப்பது. மூன்று காரணங்களை வரிசையாகப் பாருங்கள். ஒரு சில்லு மட்டும் பிடித்தால் அந்தச் சில்லுக்குப் போகும் றப்பர் ஹோஸ். பழைய ஹோஸ் வெளியே நன்றாக இருந்தாலும் உள்ளே உரிந்து வீங்கியிருக்கும். மிதிக்கும் பலத்தில் ஒயில் உள்ளே போய்விடும், திரும்பி வரத்தான் பலம் இராது. சில்லில் காற்று எடுக்கும் நிப்பிளைத் திறந்தவுடன் ஒயில் பீய்ச்சிச் சில்லு விடுபட்டால் குற்றம் அங்கேதான். பின்சில்லு இரண்டும் பிடித்தால் ஹான்ட் பிறேக் கேபிள். நாலு சில்லும் பிடித்தால் பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவில் இருக்க வேண்டிய சிறு ஓய்வு இல்லை. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

மைனரின் காலடியில்

மொறிஸ் மைனரில் மாஸ்டர் சிலிண்டர் பானட்டுக்குள் இல்லை. சாரதியின் காலுக்குக் கீழே, சசியின் இரும்புப் பெட்டிக்குள் ஒளிந்திருக்கிறது. கார்ப்பெற்றைத் தூக்கினால் தளத்தகட்டில் திருகாணி போட்ட சிறு மூடி. அதன் கீழேதான் ஒயில் ஊற்றும் வாய். பானட்டைத் திறந்து தேடி, “இந்தக் காருக்குப் பிறேக் ஒயிலே இல்லையாம்” என்று சொன்ன சேர்விஸ் பையன்களும் உண்டு.

இந்த இடமே பாதிப் பிரச்சினை. மாரியில் நனைந்த செருப்பு, கடற்கரை மணல், தரைவிரிப்பில் தங்கும் ஈரம் எல்லாம் அந்த மூடியைச் சுற்றித்தான் சேரும். மூடியைத் திறந்தவுடன் மணல் உள்ளே கொட்டும். எனவே திறக்குமுன் பழந்துணியாலும் தூரிகையாலும் சுற்றுப்புறத்தைத் துடையுங்கள், முடிந்தால் வக்கியூம் பிடியுங்கள். மூடியில் காற்று போகும் ஒரு சின்னத் துளை இருக்கிறது. அடைபட்டிருந்தால் குத்தி எடுங்கள். சிலிண்டரைக் கழற்ற வேண்டி வந்தால் பொறுமையும் வேண்டும். பிடித்திருக்கும் போல்ட் இரண்டையும் வெளியே இழுக்க விடாமல் டோர்ஷன் பார் குறுக்கே நிற்கும். திரும்பப் பூட்டும்போது போல்ட்டை மறுபக்கமாகத் திருப்பிப் போட்டால் அடுத்த தரம் அந்தத் தொல்லை இல்லை. கழற்றிய கையோடு அதைச் செய்துவிடுங்கள்.

இப்போது அந்த ஓய்வு. பெடலில் இருந்து போகும் தள்ளுகோலுக்கும் பிஸ்ரனுக்கும் இடையில் ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவான இடைவெளி வேண்டும். பெடலை விரலால் அழுத்தினால் எதிர்ப்பில்லாமல் சிறிது போய், பிறகு தடுப்பது கையில் தெரியும். இந்த இடைவெளி இல்லாவிட்டால் பிஸ்ரன் முழுதாகப் பின்னுக்கு வராது. சிலிண்டரிலிருந்து ஒயில் தொட்டிக்குத் திரும்பும் ஊசித்துளை மூடியே இருக்கும். ஓட ஓட டிறம் சூடாகும், ஒயில் விரியும், திரும்பப் போக வழியில்லாமல் சூக்களை மேலும் அழுத்தும். காலையில் நன்றாக இருந்த கார் மதியம் சில்லுப் பிடித்து நடுத்தெருவில் நிற்பதும், அரை மணித்தியாலம் ஆறிய பிறகு ஒன்றும் நடவாததுபோல் ஓடுவதும் இதனால்தான். சாத்தான் பிடித்ததென்று எலுமிச்சம்பழம் வைக்குமுன் தள்ளுகோலின் நட்டை ஒரு சுற்றுத் தளர்த்திப் பாருங்கள்.

ஒயில்

டொட் 3, டொட் 4 என்று போத்தலில் இருப்பதெல்லாம் கிளைக்கோல் வகை. காற்றில் உள்ள ஈரத்தைத் தானாக உறிஞ்சும். புதிய டொட் 3 குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரநிலை; டொட் 4க்கு 230. சுமார் 3.7 வீதம் தண்ணீர் கலந்துவிட்டால் டொட் 3 இறங்கி 140க்கும், டொட் 4 இறங்கி 155க்கும் வந்துவிடும். தட்டைத் தெருவில் 140 பாகை என்பது வராத சூடு. ஆகவே ஆறு வருடப் பழைய ஒயிலோடும் காத்தான்குடிக்குப் போய்வரலாம். அதே காரில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு செங்கலடிச் சந்தியால் திரும்பி, மகா ஓயா, பிபிலை கடந்து, லுணுகலை, பசறை மலையேறிப் பதுளைக்குப் போகிறீர்கள் என்று வையுங்கள். போகும்போது ஒன்றும் நடக்காது. திரும்பி இறங்கும்போது, நாலு பேரும் சாமானும் இருக்க, வளைவுக்கு வளைவு மிதிக்க மிதிக்க, சிலிண்டருக்குள் அந்தத் தண்ணீர் ஆவியாகும். ஒயில் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடல் எதிர்ப்பில்லாமல் தளத்தில் முட்டும். மலை இறங்கும் யாருக்கும் சொல்ல வேண்டிய இரண்டாம் கியர் பாடம் தனி. அதற்கு முன் வீட்டில் வைத்தே ஒயிலை மாற்றுங்கள்.

மலைநாட்டில் ஓடும் காருக்கு இரண்டு வருடம் போதும் என்பார்கள். வாவிக்கரையில் வருடம் ஒன்று என்பதே என் கணக்கு. மாரி முடிந்து, தை பிறந்து, வெயில் வந்ததும் செய்யலாம். டொட் 4ஐ வாங்குங்கள். சிறு போத்தலாக வாங்குங்கள். திறந்து அரைவாசி மிஞ்சியதை அடுத்த வருடத்துக்கென்று அலுமாரியில் வைக்காதீர்கள். அது மூடிய போத்தலுக்குள்ளும் ஈரம் குடித்திருக்கும். டொட் 5 எனும் சிலிக்கோன் வகை ஈரம் குடிக்காது, பெயின்ற்றையும் தின்னாது என்று ஆசை காட்டுவார்கள். அதைக் கிளைக்கோலோடு கலக்க முடியாது, எல்லா றப்பரையும் மாற்றி, குழாய் முழுவதையும் கழுவித்தான் ஊற்ற வேண்டும். காற்றையும் எளிதில் விடாது. அப்படியும் உள்ளே போகும் தண்ணீர் ஒயிலோடு சேராமல் ஆகத் தாழ்ந்த இடத்தில் தேங்கி அங்கேயே துருப்பிடிக்க வைக்கும். எங்கள் பக்கத்தில் வழியில் எங்காவது குறைந்தால் ஊற்றக் கிடைப்பது டொட் 3தான். எனக்கு அந்தச் சிலிக்கோன் வேண்டாம்.

எஞ்சின் ஒயில், கியர் ஒயில், பவர் ஸ்ரியரிங் ஒயில் எதுவும் இந்தத் தொட்டிக்குள் ஒரு துளியும் போகக் கூடாது. றப்பர் எல்லாம் ஊதி இரண்டு மடங்காகும். பிறகு ஒயிலைக் கழுவுவதால் தீராது. றப்பர், ஹோஸ் அத்தனையும் குப்பைக்குத்தான். சிலிண்டரைப் பெற்றோலில் கழுவுவதும் மண்ணெண்ணெயில் ஊறவைப்பதும் அதே கேடு. மெதிலேற்றட் ஸ்பிரிற்றால் கழுவுங்கள், இல்லாவிட்டால் புது பிறேக் ஒயிலாலேயே கழுவுங்கள்.

காற்று எடுக்க இரண்டு பேர் வேண்டும். தூரத்துச் சில்லில் தொடங்குவது வழக்கம். மைனரில் இடப்பக்கப் பின்சில்லு, வலப்பக்கப் பின்சில்லு, பிறகு இடப்பக்க முன்சில்லு, கடைசியாகச் சாரதிப் பக்கம். நிப்பிளில் பளிங்கு ரியூப் ஒன்றைச் செருகி, மறுமுனையை ஒயில் உள்ள போத்தலுக்குள் அமிழ்த்துங்கள். “அமத்து மனே... பிடி” என்றதும் திறக்க வேண்டும். குமிழி வரும். காலை எடுக்குமுன் மூட வேண்டும். “விடு.” இந்த ஒழுங்கு குழம்பினால் வெளியே போன காற்று திரும்பி உள்ளே வரும். பெடலில் இருக்கும் பொடியனுக்கு ரெலிபோனைக் கையில் கொடுக்காதீர்கள். நாலு சில்லும் முடியும்வரை தொட்டியில் ஒயில் பாதிக்குக் கீழே இறங்க விடவும் கூடாது.

குழாயும் ஹோஸும்

காரின் வயிற்றுக்குக் கீழே ஓடும் பிறேக் குழாய் மெல்லிய இரும்பு. அதன் வெளிப்பக்கம் கண்ணுக்குத் தெரியும், தெரியாத பக்கம்தான் துருப்பிடிக்கும். கிளிப் பிடித்திருக்கும் இடத்தில் மணலும் உப்பும் தங்கும். கிளிப்பைக் கழற்றிக் குழாயை நகத்தால் சுரண்டுங்கள். பொருக்கு உதிர்ந்து குழிவிழுந்திருந்தால் அந்தக் குழாயின் ஆயுள் முடிந்தது. அந்தத் துண்டை மட்டும் வெட்டி நடுவில் ஒட்டவேண்டாம், முனைக்கு முனை மாற்றுங்கள்.

மாற்றும்போது செம்பும் நிக்கலும் கலந்த உலோகக் குழாய் கிடைத்தால் அதைப் போடுங்கள். வளைக்க இலகு, உப்புக்குத் துருப்பிடிக்காது. வாவிக்கரைக் காருக்குச் செய்யக்கூடிய சிறந்த மேம்பாடு எது என்று கேட்டால் டிஸ்க் பிறேக்குக்கு முன் இதைத்தான் சொல்வேன். கிடைக்காவிட்டால் நல்ல இரும்புக் குழாயே போதும். பிரிட்ஜ் திருத்துபவரிடம் கிடக்கும் செப்புக் குழாயை மட்டும் போட்டுவிடாதீர்கள். அளவு பொருந்தும், மலிவாகவும் கிடைக்கும். தனிச் செம்பு அதிர அதிர இறுகி, ஒருநாள் வாய்க்கருகில் வெடிக்கும்.

மரையையும் கவனியுங்கள். பிரிட்டிஷ் காரில் அங்குல மரை, ஜப்பான் காரில் பெரும்பாலும் 10 மில்லிமீற்றர் மெற்றிக் மரை. இரண்டும் அளவில் கிட்டத்தட்ட ஒன்று. முதல் இரண்டு சுற்று ஒன்றுக்குள் ஒன்று ஏறிக்கூடக் கொடுக்கும். பிறகு இறுகுவது மரை அழிவதால். குழாயின் வாயை விரிக்கும் விதமும் காருக்குக் கார் வேறு. பழைய குழாயை எறியாமல் கையில் கொண்டுபோய், இதைப்போல வேண்டும் என்று காட்டி வாங்குவது பிழைக்காது.

றப்பர் ஹோஸுக்குப் பத்து வருடத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம். வளைத்துப் பார்த்து வெடிப்புத் தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். வாங்கும்போது அதில் அச்சிட்ட வருடத்தைப் பாருங்கள். கடைத் தட்டில் பதினைந்து வருடம் கிடந்த ‘புது’ ஹோஸும் உண்டு.

டிறம்முக்குள்

மணலில் ஜக் நிற்காது. அடியில் அகலமான பலகை வையுங்கள். சில்லைக் கழற்றிய பிறகு சசியின் கீழே மரக்குற்றி வையுங்கள், சீமெந்துக் கல் வேண்டாம். அது விரிசல் காட்டாமல் ஒரே நொடியில் பொடியாகும்.

மைனரில் டிறம்மை இரண்டு திருகாணிதான் பிடித்திருக்கிறது. அது இறுகியிருந்தால் திருப்புளியை வைத்துச் சுத்தியலால் ஓங்கி ஒரு தட்டு, பிறகு திருப்பு. டிறம் வராவிட்டால் உள்ளே சூ பிடித்திருக்கிறது. சரிசெய்யும் திருகைத் தளர்த்துங்கள். திறந்ததும் உள்ளே இருக்கும் தூசியை ஊதாதீர்கள், கொம்பிரசர் காற்றைப் பிடிக்கவே பிடிக்காதீர்கள். பழைய லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருக்கும். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பொலித்தீனில் கட்டி எறியுங்கள். ஊதிப் பழகிய கை நிற்காதுதான். ஆனாலும் உங்கள் வளவில் அதை விடாதீர்கள்.

சிலிண்டரின் முனையில் உள்ள றப்பர்த் தொப்பியை விரலால் நகர்த்துங்கள். உள்ளே ஈரம் இருந்தால் ஒழுக்குத் தொடங்கிவிட்டது. பிஸ்ரனை எடுத்துப் பார்த்தால் சிலிண்டர்ச் சுவரில் கரும்புள்ளிகள் தெரியும். மெல்லிய தாளால் தேய்த்துப் போகும் புள்ளியானால் புது றப்பர் போட்டுப் பூட்டலாம். நகம் தடக்கும் குழியானால் றப்பர் மாற்றுவது வீண்செலவு, மூன்று மாதத்தில் அதே ஒழுக்கு. கடைசல் பட்டறையில் துளையைப் பெருப்பித்துப் பித்தளையோ துருப்பிடிக்காத உருக்கோ உறை போடுவிக்கலாம். புதுச் சிலிண்டர் கொழும்பில் கிடைக்காத பழைய கார்களுக்கு இது நல்ல வழி. உறை போட்ட பித்தளை இந்தக் காற்றுக்குப் பழைய வார்ப்பிரும்பைவிட நின்றுபிடிக்கும்.

மைனரின் பின்சில்லில் இன்னொரு சூட்சுமம். அங்கே சிலிண்டர் பின்தகட்டில் இறுக்கிப் பூட்டியதல்ல, நீள்துளையில் வழுக்கி நகர வேண்டும். அப்படி நகர்ந்தால்தான் இரண்டு சூவும் டிறம்மைத் தொடும். துருவில் அது பிடித்துவிட்டால் ஒரே சூதான் வேலை செய்யும். சிலிண்டர் நல்லது, றப்பர் புதிது, காற்றும் இல்லை, பிறகேன் பின்சில்லு பிடிக்கவில்லை என்று தலையைச் சொறிபவர் கையால் சிலிண்டரை அசைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும்.

லைனிங் ஒயில் குடித்திருந்தால் அதை எரித்தும் பெற்றோலில் கழுவியும் மீட்க முயல வேண்டாம். புது லைனிங் அடிப்பித்துக்கொள்ளுங்கள். ஒயில் எங்கிருந்து வந்தது என்பதையும் பாருங்கள். பிறேக் ஒயிலா, கியர் ஒயிலா என்று மணத்திலேயே தெரியும். கியர் ஒயிலானால் அக்ஸில் சீல் போயிருக்கிறது. சீலை மாற்றுமுன் டிபரன்ஷல் மேலுள்ள மூச்சுத்துளையைத் துப்புரவாக்குங்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரைச் செம்மண் அதை அடைத்தால் ஓடும் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி, புதுச் சீலையும் தள்ளிக்கொண்டு ஒயில் வரும். இதைப் பாராமல் வருடம் ஒரு சீல் மாற்றுபவர்கள் இருக்கிறார்கள்.

பூட்டிய பிறகு இறுக்குதல். சில்லின் கப்பைக் கழற்றி, டிறம்மின் துளை சரிசெய்யும் திருகுக்கு நேரே வரும்வரை சில்லைச் சுற்றுங்கள். முன்சில்லு ஒவ்வொன்றிலும் திருகு இரண்டு, பின்சில்லில் ஒன்று. முன்சில்லில் ஒன்றை மட்டும் இறுக்கிவிட்டுப் போவது அடிக்கடி நடக்கும். வலஞ்சுழியாகத் திருப்பிச் சில்லு நிற்கும்வரை இறுக்கி, ஒரு ‘கிளிக்’ பின்னுக்கு விடுங்கள். மெல்லிய உரசல் சத்தம் கேட்டால் பரவாயில்லை.

வெள்ளமும் பாதையும்

கார்த்திகை, மார்கழியில் தெருவில் தண்ணீர் நிற்கும்போது டிறம்முக்குள் தண்ணீர் போகும். டிஸ்க் உடனே உலரும், டிறம் உலராது. வெள்ளத்தைக் கடந்த உடனே இடக்காலால் பெடலை மெல்ல அழுத்தியபடி கொஞ்சத் தூரம் ஓட்டினால் சூட்டில் காய்ந்துவிடும். வீட்டுக்கு வந்து நனைந்த காரை ஹான்ட் பிறேக் போட்டு நிறுத்தினால் காலையில் லைனிங் டிறம்மோடு ஒட்டியிருக்கும். கியரில் விட்டு, சில்லுக்குக் கட்டை வையுங்கள். தண்ணீர் அக்ஸில் மட்டம் ஏறியிருந்தால் டிபரன்ஷல் ஒயிலையும் பாருங்கள். பால் கலந்த தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் ஊற்றிவிட்டுப் புதிது போட வேண்டும்.

2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைத் தேருக்குப் போகிறவருக்குத் துறையில் காத்திருக்கும் வேலை இல்லை. ஆனால் குருமண்வெளியில் இருந்து மண்டூருக்கு இன்னும் பாதைதான், அதாவது வாகனத்தை ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவைதான். காரோடு பாதையில் ஏறும் ஒருவருக்கு ஹான்ட் பிறேக் பிடிக்காவிட்டால் மற்ற எதையும் பேசிப் பயனில்லை. மைனரில் இரண்டு கேபிள், ஒவ்வொரு பின்சில்லுக்கும் ஒன்று. லீவரின் அடியிலேயே நட்டால் சரிசெய்யலாம். முதலில் சூக்களை இறுக்குங்கள், பிறகுதான் கேபிளைத் தொடுங்கள். தளர்ந்த சூவைக் கேபிளால் இழுத்துச் சரிக்கட்டினால் லீவர் மேலே வரும், பிடி வராது. கேபிளுக்குக் கிறீஸ் அடிக்கும் நிப்பிள் இருந்தால் வருடம் இருமுறை அடியுங்கள். பாதையில் இருந்து இறங்கிய அன்று உன்னிச்சைக் குளத்துக் குழாய்த் தண்ணீரால் காரின் அடியைக் கழுவுங்கள். கடற்கரைக் கிணற்றுத் தண்ணீர் உவர் என்றால் கழுவாமலே விடலாம்.

மாற்றிப் பூட்ட ஆசைப்பட்டால்

பழைய மைனருக்கு டிஸ்க் பிறேக் போடலாமா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. போடலாம். மொறிஸ் மரீனாவின் முன் டிஸ்க்கை மைனருக்குப் பூட்டுவது பிரிட்டனில் பலகாலமாக நடக்கும் வேலை. ஆனால் இங்கே மரீனா உதிரிப்பாகம் கிடைப்பது மைனரினதைவிட அரிது. பழுதானால் திருத்த முடியாததைப் பூட்டி என்ன பயன்? எந்த ஜப்பான் காரின் டிஸ்க்கையாவது தகடு வெட்டி ஒட்டிப் பொருத்தித் தருகிறேன் என்று கராஜ்காரர் சொன்னால், அந்த ஒட்டு எதில் செய்தது, யார் சோதித்தது என்று கேளுங்கள். டிஸ்க்குக்கு மாஸ்டர் சிலிண்டரும் பெரிதாக வேண்டும், பெடலும் பாரமாகும், பூஸ்டரும் தேவைப்படும். ஒன்றைத் தொட்டால் மூன்றை மாற்ற வேண்டி வரும்.

அதைவிட எளிது 1962இல் 1098 சிசி எஞ்சினோடு வந்த மைனரின் 8 அங்குல முன் டிறம். அதற்கு முன் வந்தவற்றில் 7 அங்குலம்தான். கழிந்த பிந்திய மைனர் ஒன்று எங்காவது கிடந்தால் பின்தகட்டோடு சேர்த்து வாங்கிப் பூட்டுங்கள். தொழிற்சாலையே செய்த மாற்றம், கணக்குப் பிழைக்காது. பெட்டி லான்சர், சனி வகைக்கு முன்னாலேயே டிஸ்க் இருக்கிறது. அவற்றுக்குப் பெரிய டிஸ்க் தேட வேண்டாம். கலிப்பரின் வழுக்கு ஊசியைக் கழற்றி, துரு சுரண்டி, சிலிக்கோன் கிறீஸ் பூசிப் பூட்டுங்கள். பாட் ஒரு பக்கம் தேய்ந்து மறுபக்கம் புதிதாக இருப்பதற்கு அந்த ஊசி இறுகியதே காரணம்.

பிறேக்கை நல்லதாக்கிய பிறகு முன்சில்லு கழன்றால் என்ன செய்வது? மைனரின் முன்காலில் மரைபோட்ட ட்ரனியன் மேலும் கீழும் இருக்கிறது. கிறீஸ் போகாவிட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் ஸ்ரியரிங் திருப்பும்போது கால் கழன்று சில்லு மடங்கி விழும். கிறீஸ் கன்னால் அடிக்கும்போது பழைய கிறீஸ் வெளியே பிதுங்குவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். பிதுங்கவில்லையென்றால் நிப்பிள் அடைபட்டிருக்கிறது, கிறீஸ் உள்ளே போகவில்லை. நிப்பிளைக் கழற்றிச் சுத்தமாக்கியோ மாற்றியோ அடியுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, வெள்ளத்தில் ஓடினால் மறுநாளே.

ஓட்டிப் பார்த்தல்

எல்லாம் முடிந்ததும் பிரதான தெருவில் ஏற வேண்டாம். ஆளில்லாத உள்தெருவில் 20 கிலோமீற்றர் வேகத்தில் மிதித்துப் பாருங்கள், பிறகு 40. கைகளை ஸ்ரியரிங்கில் இலேசாக வைத்திருங்கள், இழுப்பது தெரியும். பிறகு வழக்கம்போல் பத்துக் கிலோமீற்றர் ஓட்டி, மிதிக்காமல் உருண்டு வந்து நிற்க விடுங்கள். இறங்கி ஒவ்வொரு சில்லின் நடுவிலும் புறங்கையை வையுங்கள். முன்னால் இரண்டும் ஒரே சூடு, பின்னால் இரண்டும் அதைவிடக் குறைந்த ஒரே சூடு என்றால் கார் சரி. ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் கொதித்தால் அது விடாமல் பிடிக்கிறது. ஹோஸையும் கேபிளையும் மறுபடி பாருங்கள். ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது பிடிக்கவேயில்லை. மரக்குற்றியை எடுத்துவைக்காதீர்கள், அந்தச் சில்லை இன்னொரு தரம் கழற்ற வேண்டும்.